நாக்பூர் தாண்டி டீ கொடுத்தீர்களா?

ஆபரேஷன்ஸ் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்று ஆஸ்டின் டவுன் வீட்டில் காய்கறிக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ தேவனஹள்ளியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து, நாடு முழுக்கப் பறக்கிற நம் விமானங்களைத் திரையில் பார்த்துக்கொண்டு, எந்த வழியாகப் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, போகிற வழியில் என்ன வில்லங்கம் காத்திருக்கிறது என்று கேப்டன்களுக்குச் சொல்லப்போகிறீர்கள். இதைவிடச் சுவாரசியமான வேலை இந்த ஊரில் கிடையாது. டிஸ்பாட்சர் என்று சொன்னதும் கூரியர் கம்பெனியா என்று கேட்கிற சொந்தக்காரர்களை விட்டுத்தள்ளுங்கள். என் மாமியார் கடைசிவரை நான் பார்சல் அனுப்புகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

வரைபடம் பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப்போவதில்லை. ஒரே ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த மதியத்தை இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

முதலில் எதிராளி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இடி மேகமென்றால் விமானத்தின் ரேடாரில் சிவப்பாகத் தெரியும், சுற்றிக்கொண்டு போய்விடலாம். தெளிந்த வானத்தில் வருகிற குலுக்கல் அப்படியில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, நம் விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரிப் பாய்கிறது. ஆற்றின் நடுவில் தொல்லை குறைவு. ஓரத்தில்தான் வம்பு. வேகக் காற்றும் மந்தக் காற்றும் உரசுகிற இடத்தில் ஆகாயமே கொந்தளிக்கும், ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மேகம் கிடையாது, நீர்த்துளி கிடையாது, ஆகவே ரேடாரில் ஒரு புள்ளிகூட விழாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் துடைத்து வைத்த நீலம். பெங்களூரில் பெயின்ட் அடிக்காத வேகத்தடை மேல் வேகமாக ஸ்கூட்டர் விட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வானிலைக்காரர்கள் ஒரு பெரிய வட்டம் போட்டு இந்தப் பக்கம் எங்கேயோ குலுக்கல் இருக்கலாம் என்பார்கள். அந்த வட்டத்துக்குள் பாதி மத்தியப் பிரதேசம் அடங்கிவிடும். சரியான இடம் முன்னால் போகிற விமானத்துக்குத்தான் தெரியும். அந்தக் கேப்டன் மூன்றில் ஒரு சொல்லை அனுப்புவார்: லைட், மாடரேட், சிவியர். பின்னால் வருகிறவர்கள் அதை நம்பித்தான் வருவார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் சிவியர் என்று எழுதிவிட்டால், இறங்கியதும் இன்ஜினியர்கள் விமானத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்த பிறகுதான் மறுபடி பறக்க விடுவார்கள். திரும்பி வருகிற பயணம் ரத்து. பயணிகள் கவுன்ட்டரில் சண்டை. கம்பெனியில் ஆளாளுக்குக் கேள்வி. அதனால் கேப்டன்களின் கை தானாகவே சின்னச் சொல்லைத் தேடும். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டில் காய்ச்சல் வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று வருகிறதே, அதுதான் அது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் விளக்கு எரிந்தால் பயணிகள் உட்காருவார்கள். பணிப்பெண்கள் உட்கார மாட்டார்கள். அந்த விளக்கு நாளெல்லாம் எரிந்து அணைந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தால் யாருக்கும் சாப்பாடு போகாது. கேப்டன் தனியாக, நீங்களும் உட்காருங்கள் என்று சொன்னால்தான் உட்காருவார்கள். அதுவரை கொதிக்கிற டீக் கெட்டிலோடு நடுவழியில் நிற்பார்கள். தெளிந்த வானத்துக் குலுக்கலில் எலும்பு முறிவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதம். நம் விமானங்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பெங்களூரிலிருந்து டெல்லிக்குக் கிளம்பியிருந்தன. இரண்டுக்கும் ஒரே வழி, ஒரே உயரம், முப்பத்தாறாயிரம் அடி. முன்னால் போனவர் மங்களூர்க்காரர், கம்பெனியின் மூத்த கேப்டன். விமானம் தரையைத் தொட்டதே தெரியாமல் இறக்குவார் என்று அவருக்குப் பெயர், அந்தப் பெயர் அவருக்கும் நன்றாகத் தெரியும். பின்னால் போனவர் இளைஞர், கேப்டனாகி அதிக காலம் ஆகவில்லை. மூத்தவர் சொன்னால் வேதம் என்று நினைக்கிற பிள்ளை. அந்த இரண்டாவது விமானத்தில் பணிப்பெண்களுக்குத் தலைவி ஸ்டெல்லா. நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த பெண். எங்களுக்கு ஒரே கம்பெனி கார்தான், பாதி நாள் என் தோளில் தூங்கிக்கொண்டுதான் விமான நிலையத்துக்கு வருவாள்.

முன்னால் போன விமானம் நாக்பூரைத் தாண்டியதும் கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. காக்பிட்டுக்கும் நமக்கும் நடுவே அவ்வளவு தூரத்தில் பேச்சு எட்டாது, ஓரிரு வரி எழுத்துச் செய்திதான். ‘குலுக்கல், லைட்’ என்றிருந்தது. டியூட்டி மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பின்னால் வருகிறவருக்கும் அனுப்பிவிட்டோம். எல்லாம் முறைப்படி.

அப்போதுதான் திரையில் ஒன்றைப் பார்த்தேன். லைட் என்று சொன்ன மனிதர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தாறாயிரம், முப்பத்து நாலாயிரம், அப்புறம் முப்பத்திரண்டாயிரம். எனக்குச் சந்தேகம் தட்டியது. கீழே இறங்கினால் எரிபொருள் அதிகம் குடிக்கும். ஒரு சொட்டு எரிபொருளையும் வீணடிக்காதவர் என்று அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. லேசாகக் குலுங்கியதற்கா அவர் நாலாயிரம் அடி இறங்குவார்?

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது விமானத்தையும் உடனே கீழே இறங்கச் சொல்லலாம் என்றேன். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், எதையும் நிதானமாகத்தான் யோசிப்பார். ஆனால் அன்றைக்கு அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ஏனுங்க மேடம், அவரே லைட்னு எழுத்துல குடுத்துட்டாருங்களே. நாம வேற என்னத்தச் சொல்றது?”

அவர் சொன்னதில் தவறில்லை. டெல்லியில் சாயங்கால நெரிசல். வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கச் சொல்வார்கள். சின்னவர் இப்போதே எரிபொருளைக் கரைத்துவிட்டால், காத்திருக்க முடியாமல் ஜெய்ப்பூரில் போய் இறங்க வேண்டிவரும். ஒரு விமானம் நிறையப் பயணிகளை ஜெய்ப்பூரில் இறக்கிவிட்டு, எனக்குத் திரையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது என்று நான் விளக்கம் எழுத முடியுமா? போதாததற்கு விமானத்தை ஓட்டுகிறவர் கேப்டன். நாம் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. மூத்தவர் லைட் என்று எழுதிக் கொடுத்த பிறகு, தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் இல்லையென்று சொன்னால் சின்னவர் யாரை நம்புவார்?

இறங்கச் சொல்வதா வேண்டாமா என்று நானும் மேனேஜரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திரையில் இரண்டாவது புள்ளி நாக்பூரை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தது. அங்கே இப்போது சாப்பாடு முடிந்து டீ கொடுக்கிற நேரம் என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்றிருப்பாள். அது மனதில் பட்டதும்தான் மண்டையில் பளிச்சென்று அடித்தது. நான் எதற்காக உயரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்? உயரத்தை மாற்றினால் எரிபொருள் செலவு. நாலு பெண்களை உட்கார வைக்க என்ன செலவு? ஒரு சுற்று டீ நின்றுபோகும், அவ்வளவுதானே.

ஆனால் உட்கார வைக்கவும் சின்னவருக்கு ஒரு காரணம் வேண்டும். என் சந்தேகம் போதாது. மூத்தவரிடமிருந்தே காரணத்தை வாங்க வேண்டும். மறுபடியும் எப்படி இருந்தது என்று கேட்டால் என்ன வரும்? லைட் என்றுதான் வரும். ரோஷக்கார மனிதர், எழுதிக் கொடுத்ததை மாற்ற மாட்டார். நான் என்ன கேட்டால் அவர் சொல்வார்? விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நொடி விழித்தேன். அப்புறம் அடித்தேன்:

‘நாக்பூர் தாண்டி டீ கொடுத்தீர்களா?’

என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காக்பிட்டில் அச்சாகி வெளியே வருகிற செய்தி அது. காற்று, உயரம், எரிபொருள் என்று போகிற இடத்தில் டீ விசாரிக்கிறாளே இந்த அம்மாள் என்று நினைத்திருப்பார். கேட்கவும் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன்.

பதில் வரத் தாமதமானது. நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை, ஆனால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் சென்னை விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் தன் வேலையை விட்டு என் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் வரிகள் விழுந்தன:

‘கொடுத்துக்கொண்டிருந்தோம். டீ இப்போது கூரையில் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் அடி.’

கூரையில்! லேசான குலுக்கலில் டீ தரையில் சிந்தும், சேலையில் சிந்தும். கூரைக்குப் போக வேண்டுமென்றால் விமானம் காலடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்க வேண்டும். மேனேஜர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. சின்னவருக்கு அடித்தேன். லைட் என்ற சொல்லை நான் தொடவேயில்லை, மூத்தவரைக் குறை சொல்லவுமில்லை. அதற்கெல்லாம் நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ‘முன்னால் போன விமானத்தில் டீ கூரைக்குப் போயிருக்கிறது. ஒருவருக்குக் கணுக்காலில் அடி. நீங்கள் அதே இடத்தை நெருங்குகிறீர்கள். பணிப்பெண்களை இப்போதே உட்கார வையுங்கள். உயரத்தைப் பிறகு பார்க்கலாம்.’

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னது. படித்தாரா என்று எந்தத் திரையும் சொல்லாது. பதிலில்லை. புள்ளி நாக்பூரைத் தொட்டது, தாண்டியது. நீங்கள் என்னென்னவோ பரபரப்பான சினிமா பார்த்திருப்பீர்கள். ஒரு பச்சைப் புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு எண்ணும், அவ்வளவுதான், அதைவிடப் பரபரப்பை நான் பார்த்ததில்லை. முப்பத்தாறாயிரம். முப்பத்தாறாயிரம். இன்னும் முப்பத்தாறாயிரம். பிறகு அந்த எண் துள்ளியது. நூற்றுக்கணக்கான அடி மேலே போனது, அடுத்த கணம் அதைவிட அதிகமாகக் கீழே வந்தது, மறுபடி ஏறியது. பக்கத்து மேஜைக்காரர் கடவுளைக் கூப்பிட்டார்.

எண் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை நிதானமான, மனிதக் கை இறக்குகிற இறக்கம். பிறகு செய்தி: ‘சிவியர். எல்லோரும் பெல்ட்டில் இருந்தார்கள். அடி யாருக்கும் இல்லை. முப்பத்திரண்டாயிரத்துக்கு இறங்குகிறோம்.’

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டும் செய்ததாகப் பக்கத்து மேஜைக்காரர் பிறகு ஊரெல்லாம் சொன்னார். மேனேஜர் என் நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டார்.

“நீங்களும் உட்காருங்க மேடம். நீங்க மட்டுந்தானுங்க இன்னும் நிக்கறீங்க.”

டெல்லியில் கொஞ்சம்தான் காக்க வைத்தார்கள். இரண்டும் ஒழுங்காக இறங்கின. ஜெய்ப்பூர் என்ற பேச்சே எழவில்லை. எழுந்திருந்தாலும் எனக்குக் கவலை இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

இறங்கிய கையோடு மங்களூர்க் கேப்டன் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் குரல் தாழ்ந்திருந்தது. முதல் செய்தியைக் குலுக்கல் நின்ற மறுகணமே எழுதினாராம். பின்னால் ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் முதலில் அவளைப் பார்ப்பதா, செய்தியைத் திருத்துவதா என்று இருந்துவிட்டார். இத்தனை வருஷமாக எழுதிப் பழகிய சொல்லைக் கை எழுதிவிட்டது என்றார். அப்புறம் அவரே சொன்னார்.

“மேடம், எப்படி இருந்துச்சுன்னு நீங்க மறுபடி கேட்டிருந்தா மறுபடி லைட்டுன்னே எழுதிருப்பேன். டீ விஷயத்துல சுள்ளு ஹேளோக்கே ஆகல, பொய் சொல்ல வரல.”

போனை வைத்தவர் விமானத்தின் பதிவேட்டில் சிவியர் என்று தன் கையால் எழுதினார். திரும்பி வர வேண்டிய பயணம் ரத்தானது. கவுன்ட்டர் பெண்களை முன்னால் தள்ளிவிட்டுப் போகாமல், காத்திருந்த பயணிகள் முன்னால் சீருடையோடு தானே போய் நின்று காரணம் சொன்னாராம். சத்தம் போட்டவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு வசவு வாங்கினார் என்று டெல்லியிலிருந்து சொன்னார்கள். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு ஒரு படி ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஆக, பிள்ளைகளே, ஆளிடம் அளவு கேட்காதீர்கள். எவ்வளவு மோசம் என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள், கேப்டனும் சரி, இன்ஜினியரும் சரி, நாளைக்கு நீங்களும் சரி. என்ன நடந்தது என்று கேளுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், டீ எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இன்னொன்று, பெரிய முடிவை எடுக்க முடியாமல் திணறும்போது செலவில்லாத சின்ன முடிவு ஒன்று பக்கத்திலேயே கிடக்கும். முதலில் அதை எடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். நானும் மேனேஜரும் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருந்தால், இருவரில் ஒருவர் வாதத்தில் ஜெயித்திருப்பார். ஸ்டெல்லா கூரையில் போய் மோதியிருப்பாள்.

ஸ்டெல்லா மறுநாள் பெங்களூர் வந்ததும் நேராக எங்கள் அறைக்குள் நுழைந்தாள். பணிப்பெண்கள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள். இரண்டு புஜத்திலும் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. எனக்குப் பதறிவிட்டது, அடி யாருக்கும் இல்லை என்றுதானே செய்தி வந்தது என்றேன். அவள் சிரித்தாள். கேப்டன் உட்காரச் சொன்னபோது அவள் விமானத்தின் நடுவில் இருந்தாளாம். தள்ளுவண்டியைப் பின்னால் இருந்த பெண்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டார்கள். தன் இருக்கைக்குப் போக இவளுக்கு நேரமில்லை. காலியாக இருந்த ஒரு நடு சீட்டில் விழுந்தாள். பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் குலுக்கல் வந்துவிட்டது.

“இந்தப் பக்கம் ஒரு பெரியவரு, அந்தப் பக்கம் ஒரு காலேஜ் பொண்ணு. ரெண்டு பேரும் என்னிய அப்டியே அமுக்கிப் புடிச்சிகினாங்க அக்கா. அந்த கேப்ல தான் பெல்ட்டு போட்டேன். உடல, கடைசி வரிக்கும் உடல. சக்கத்தா, செமையா வலிக்குது.”

மேனேஜர் எழுந்து வந்து அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் சுற்றி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். டீ கெட்டில் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். முதல் வேலையாக அதைத்தான் வண்டிக்குள் போட்டுப் பூட்டினேன் என்றாள். ஓய்வெடுக்க ரெண்டு நாள் லீவு போடு என்றேன். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கிளம்பினாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

“லீவெல்லாம் இல்லக்கா, நாளைக்கி மறுபடி டெல்லி தான். நாக்பூர்கிட்ட டீ ஊத்தலாமா வேணாமான்னு நீங்க சொல்லிடுங்க. உங்கள நம்பித்தான் நிக்கிறோம்.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. நான் வேலையை விட்டு வந்துவிட்டேன், அந்த நாற்காலி இப்போது உங்களுடையது. இதைப் படித்து முடித்ததும் திரையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஊர்ந்துகொண்டிருக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒருத்தி இப்போது நின்றுகொண்டுதான் டீ ஊற்றுகிறாள்.